வாய்க்கொரு நியாயம், மூக்குக்கொரு நியாயம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பால்கோவா வாங்க நிற்கிறவர்கள் கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வதை ஒரு பத்து நிமிடம் ஒதுங்கி நின்று கேட்டுப் பாருங்கள். "மைதா சேர்க்கிறீங்களா?" "பாக்கெட் பாலா, கறந்த பாலா?" "பவுடர் எதுவும் கலக்கலையே?" "நாட்டுச் சர்க்கரையில செஞ்சது கிடையாதா?" 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் என்பதால் கடைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்கிறார். இன்னும் விறகடுப்பிலேயே காய்ச்சும் இடங்களில், கடைக்குப் பின்கட்டில் ஒருவர் அடுப்பு முன்னால் நின்று துடுப்பைச் சுற்றிக்கொண்டே இருப்பார். கை ஓய்ந்தால் பால் அடிபிடித்துவிடும். புகை கண்ணில் ஏறினால் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி கிண்டுவார். அவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "விறகடுப்புல கிண்டினதுதானே?" என்று மட்டும் கேட்பார்கள். ஆமாம் என்றால் திருப்தியாக இன்னொரு அரைக் கிலோ.

நம் காலத்து ஆரோக்கியப் பேச்சு முழுக்க இந்தக் கடை வாசலில் நின்றே பேசப்படுகிறது. நோய் என்றால் அது வாய் வழியாக வருவது. வாங்குகிற பொருளில் ஒளிந்து வருவது. மைதா, பிராய்லர், சீனி, பாக்கெட் எண்ணெய், பிளாஸ்டிக் கப் என்று புதிதாக வந்தவை எல்லாம் சேர்ந்து நம்மைக் கெடுத்துவிட்டன. பழையபடி தின்றால் பழையபடி இருக்கலாம். "உணவே மருந்து" என்ற இரண்டு சொல்லில் இதை அடைத்து வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அனுப்புகிறார்கள். ராஜபாளையம் பக்கம் இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு: "நமக்கென்னப்பா, மலைக்காத்து." 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் வந்து, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்ட மலை மேற்கே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் குடியிருப்பவனுக்குக் காற்றில் என்ன குறை?

எனக்கு இதில் ஒரு வரியும் ஒப்பவில்லை. சாப்பாட்டில் ஆபத்தே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதில் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. என் சண்டை வேறு. தின்கிறவனுக்கு என்ன ஆகும் என்று மட்டுமே கேட்கும் ஒரு பேச்சு, செய்கிறவனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை அடியோடு மறைத்துவிடுகிறது. அதுவும் இந்த இரண்டு ஊர்களில், பாதி வீட்டு அடுப்பு எரிவதே எதையாவது செய்து பிற ஊருக்கு அனுப்புவதால்தான் என்கிற இடத்தில்.

முதலில் பயங்களைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்போம். தெருவில் செல்போன் டவர் வந்தால் மனு எழுதுகிறோம். ரேடியோ அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் '2பி' வகுப்பில் வைத்தது உண்மை. புற்றுநோயை உண்டாக்க ஒருவேளை வாய்ப்பிருக்கலாம், சான்று போதாது என்பதே அந்த வகுப்புக்கு அர்த்தம். அதே முகமை பின்னால் அதே 2பி வகுப்பில் இன்னொரு பொருளையும் சேர்த்தது: கற்றாழையின் முழு இலைச் சாறு. டவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் தோலோடு அரைத்த கற்றாழை ஜூஸ் குடிக்கும் அன்பர்கள் எனக்கு நெருங்கிய பழக்கம். பட்டியலை எடுத்துக் காட்டி உறவைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. இந்திய அரசு 2012 செப்டம்பரிலிருந்து டவர் கதிர்வீச்சுக்கு உலக அளவு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதிக்கிறது என்பதும் அவர்கள் காதில் ஏறாது.

பரோட்டாவுக்கு வருவோம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மைதாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. மைதாவில் அலாக்ஸான் இருக்கிறது, அது கணையத்தை அழிக்கிறது என்பது பிரபலமான செய்தி. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு நீரிழிவை வரவழைக்க அலாக்ஸானை ஊசியில் போடுவார்கள். அந்தத் தகவலைப் பரோட்டாவின் மேல் ஒட்டி ஊர் முழுக்கச் சுற்ற விட்டாகிவிட்டது. தவிடும் முளையும் நீக்கிய மாவு, அதன் மேல் எண்ணெய், ராத்திரி பதினோரு மணிக்கு நாலு, உட்கார்ந்தே பார்க்கிற வேலை: கெடுதல் இதிலேயே போதுமான அளவு இருக்கிறது. அதற்கு ஒரு மர்ம விஷம் தேவையில்லை. ஆனால் மர்ம விஷம் இருந்தால்தான் கதைக்கு விறுவிறுப்பு. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி என்பதும் அந்த ரகம். கோழி சீக்கிரம் வளர்வது பல தலைமுறை இனத்தேர்வாலும் தீவனத்தாலும். கொட்டகையில் உள்ள ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து ஊசி போட எவனிடம் கூலிக் காசு இருக்கிறது? கோழிப் பண்ணையில் உண்மையாகக் கவலைப்பட வேண்டிய சங்கதி ஆன்டிபயாடிக். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டின் மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. அதை யாரும் காலை வணக்கத்தோடு அனுப்பவில்லை.

மாம்பழம் இன்னும் நல்ல உதாரணம். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இறங்கும் பருவத்தில் "கல்லு வெச்ச பழமா?" என்று கேட்காதவர் கிடையாது. கேட்பது சரிதான்; கார்பைடு கல் தடை செய்யப்பட்ட சரக்கு. ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை விடுகிறது. அதோடு பாஸ்பீன், ஆர்சனிக் சேர்ந்த கழிவு வாயுக்களும் சிறிதளவு வரும். ஆனால் அந்த வாயு கிளம்புவது எங்கே? காற்றுப் போகாத குடோனில். பழம் வாங்குகிறவர் வீட்டில் கழுவித் தோல் சீவித் தின்கிறார். கல்லைக் காகிதத்தில் மடித்து வெறுங்கையால் கூடைக்குள் சொருகிய பையன் அதே குடோனில்தான் மத்தியானம் படுத்துத் தூங்குகிறான். பழக்கல்லைப் பற்றி நான் வாசித்த எச்சரிக்கைகள் ஏறக்குறைய அத்தனையும் தின்கிறவருக்கு எழுதியவை. அந்தப் பையனுக்கு எழுதியது ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

இனி பஞ்சு.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் சோறு நூலில் தொங்குகிறது. அதை நன்றியோடு சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். பெரியப்பா மில்லுக்குப் போனதால்தான் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போனது. அவர் வேலை பார்த்தது கார்டிங்கில். பேல் உடைத்த பஞ்சு புளோரூமில் அடிபட்டு, உதிர்ந்து, கார்டிங்குக்கு வரும்போது அதோடு சேர்ந்து செடியின் காய்ந்த இலைத் துணுக்கும் காம்புத் தூளும் பொடிப்பொடியாகப் பறக்கும். டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங் என்று நூல் மெலிந்துகொண்டே போகப் போகத் தூசியும் குறையும். ஆலையில் மிக அதிகத் தூசி தின்பவர்கள் முதல் இரண்டு கட்டத்தில் நிற்பவர்கள். அந்தத் துணுக்குகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் உடைந்த சுவர்ப் பொருளை எண்டோடாக்சின் என்பார்கள். மூச்சுக்குழாயைச் சுருங்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இதனால் வரும் நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர்.

இது ஒரு தந்திரக்கார நோய். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனதும் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், வறட்டு இருமல் வரும். செவ்வாய்க்கிழமை தேவலை. புதன்கிழமை மறந்தே போகும். உடம்பு தூசிக்குப் பழகிவிட்டது என்று தொழிலாளி நினைப்பார். "பழகிரும்" என்றுதானே மேஸ்திரியும் முதல் நாளே சொல்லியிருப்பார். வருஷங்கள் போகப் போக, திங்களோடு செவ்வாயும் சேரும், பிறகு வாரம் முழுக்க. ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் சரியாகிவிடும். முற்றிய பிறகு ஆலையை விட்டு நின்றாலும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. இதில் கொடுமை, எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற டாக்டர் "டி.பி. இல்லை" என்பார். வீசிங், அலர்ஜி, பீடி என்று ஏதாவது ஒரு பெயரில் சீட்டு எழுதுவார். பைசினோசிஸைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: திங்கட்கிழமை எப்படி இருக்கிறது? கூடவே, அன்று ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவையும் முடிந்ததும் ஒரு தடவையும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லிப் பார்க்க வேண்டும். "நீ என்ன தொழில் செய்கிறாய் என்று நோயாளியைக் கேள்" என்று மருத்துவர்களுக்கு இத்தாலியின் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி புத்தகம் போட்டுச் சொன்னது 1700இல். சணலும் ஆளியும் சிக்கெடுப்பவர்களின் இருமலையும் அவர் அதில் எழுதியிருக்கிறார். முந்நூறு வருஷம் கழித்தும் நம் டாக்டர்கள் கேட்பது, "என்ன சாப்பிட்டீங்க?"

எங்கள் பெரியப்பா விஷயத்திலும் அதுதான் நடந்தது. இருமல் வந்ததும் வீட்டில் முதலில் தயிர் நின்றது. அடுத்தது வாழைப்பழம், குளிர்ச்சியாம். பிறகு புடலங்காய், சுரைக்காய், எலுமிச்சை. மனிதர் பத்தியமே வாழ்க்கையாக இருந்தார். வேடிக்கை என்னவென்றால், மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் அவரிடம் சொன்னது நேர் எதிர்: "ஷிப்டு முடிஞ்சதும் ஒரு வாழைப்பழம் தின்னு, உள்ள போன பஞ்சு வெளிய வந்துரும்." வெல்லத்துக்கும் இதே பெருமை உண்டு. 1994இல் லக்னோ ஆய்வாளர்கள் எலிகளுக்கு வெல்லம் கொடுத்து, நுரையீரல் தூசி வெளியேறக் கொஞ்சம் உதவுகிறது என்று எழுதினார்கள்; அந்த எலிகளை நம்பி இத்தனை தொழிலாளர்கள் மூச்சு விடுகிறார்கள். பழம் போவது உணவுக்குழாயில், பஞ்சு போவது மூச்சுக்குழாயில். இரண்டும் வேறு வேறு சந்து. ஆக, ஒரு மனிதனின் மூக்கில் நடந்த அநியாயத்துக்கு வீடும் ஆலையும் சேர்ந்து அவர் வாயைத்தான் பிடித்தன. ஒரு தரப்பு தின்னாதே என்றது, ஒரு தரப்பு தின்னு என்றது. தூசியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டத்துக்குத் தெரியாத நோயா இது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பைசினோசிஸ் பெயர் சொல்லி இடம்பெற்றது. அட்டவணை நோய் ஒருவருக்கு வந்தால் வைத்தியம் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இது இருந்தது. பிரிட்டன் 1941லேயே இதற்கு இழப்பீடு கொடுக்கத் தொடங்கிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் நோய், வீசிங் என்று எழுதிய சீட்டில் காணாமல் போய்விடுகிறது. எழுதாத நோய்க்கு எண்ணிக்கை வராது. எண்ணிக்கை வராத நோயைக் காட்டி "எங்க ஊர்ல அப்படி ஒண்ணு இல்லையே" என்று சொல்வது எளிது.

ராஜபாளையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சத்திரப்பட்டி, அய்யனாபுரம், சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி ஓடிக்கொண்டிருக்கும். நாட்டின் எந்த மூலை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டாலும் அதில் இந்தப் பக்கத்து நூல் இருக்க வாய்ப்பு உண்டு. காயத்தில் படுகிற பொருள் என்பதால் அதற்குக் கறாரான அளவுகோல்கள் உண்டு. மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது உட்பட. யாரோ ஒருவரின் முழங்கால் காயத்துக்கு இவ்வளவு கவனம். நல்லதுதான். அதை நெய்கிற கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலை எளிதில் தாண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கையைக் குவித்துக் காதில் கத்த வேண்டும். இருபது வருஷம் தறி ஓட்டியவர் வீட்டில் டி.வி. சத்தம் தெருமுனைக்குக் கேட்கிறதே, அவருக்கு டி.வி. மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தத்தால் வரும் காது மந்தமும் அட்டவணை நோய்தான். செல்போனைக் காதில் வைத்தால் மூளைக்கு ஆபத்து என்று அவரிடம் போய்ச் சொன்னால், "என்ன, என்ன?" என்று கேட்பார்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். "மாஸ்க் குடுக்கிறாங்க, இவங்க போடுறதில்ல." நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதம் ஏற்றி வைத்த, வியர்த்துக் கொட்டும் ஆலைக்குள் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். தவிர, துணி மாஸ்க் தடுக்கிறது பெரிய பஞ்சைத்தான். கெடுதல் செய்யும் நுண்தூசி அதைத் தாண்டிப் போய்விடும். தூசியைக் கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்ச வேண்டும்: இயந்திரத்தை மூடி, குழாய் வைத்து இழுத்து, ஏர் அடித்துச் சுத்தம் செய்வதை நிறுத்தி, வேக்குவம் வைத்து எடுக்க வேண்டும். புதிய இயந்திரங்கள் போட்ட பெரிய ஆலைகளில் இதில் பலவும் வந்துவிட்டன. அங்கே தூசி குறைந்திருக்கிறது என்பதை மறைத்து எழுதினால் நானும் வாட்ஸ்அப்காரன் ஆகிவிடுவேன். மிச்சம் இருப்பது பழைய இயந்திரம் ஓடும் சின்ன ஆலைகளும், கழிவுப் பஞ்சை வாங்கி நூற்கும் கொட்டகைகளும்.

"இதெல்லாம் கேட்டா மில்லை மூடிருவாங்க" என்பது அடுத்த பதில். அமெரிக்காவில் 1978இல் நூற்பாலைத் தூசிக்கு ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று வரம்பு கொண்டுவந்தபோது ஆலை முதலாளிகள் இதையேதான் சொன்னார்கள்; உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 1981இல் தோற்றார்கள். பிறகு நடந்தது என்ன? செலவு அவர்கள் பயமுறுத்திய அளவுக்கு வரவில்லை. தூசி குறைந்த புதிய இயந்திரங்கள் வேகமாகவும் ஓடியதால் உற்பத்தி கூடியது. நோயும் சில வருஷங்களில் பெருமளவு குறைந்தது. அந்த நாட்டு ஆலைகள் பின்னாளில் மூடப்பட்டதற்குக் காரணம் கூலி குறைந்த ஆசிய நாடுகளின் போட்டி, அதாவது நாமும்தான்.

இன்னொரு மறுப்பு எனக்குக் கொஞ்சம் சங்கடமானது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் புகை ஆபத்து என்கிறாயே, இந்தியா உட்பட நான்கு நாடுகளில், இங்கே தமிழ்நாட்டில், சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்ததே. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்துப் புகையைக் குறைத்தும் குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை என்று 2022இல் முடிவு வந்ததே? வந்தது. நம் ஆள்கள், சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள், பங்கெடுத்த ஆய்வுதான் அது. நான் எதிர்பார்த்த முடிவு அல்ல. ஆனால் அது சொல்வது, கர்ப்பத்தின் நடுவில் வந்த அடுப்பு குழந்தையின் எடையை மாற்றவில்லை என்பது. முப்பது வருஷம் புகை முன் நின்றவரின் நுரையீரலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டு விறகுப் புகையை அந்தப் புற்றுநோய் முகமை டவரைவிட ஒரு படி மேலே, 2ஏ வகுப்பில் வைத்திருக்கிறது. டவரை விரட்டிவிட்டு விறகடுப்புச் சமையல் ஓட்டலைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பழைய காலம் என்ற பெருமூச்சுக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் 32. ஊருணித் தண்ணீரைக் குடித்துக் காலிலிருந்து நரம்புச்சிலந்தியைக் குச்சியில் சுற்றி இழுத்தவர்கள் நம் பாட்டன் தலைமுறையில் இருந்தார்கள். அது நாட்டை விட்டு ஒழிந்ததாக உலகம் சான்று கொடுத்தது 2000இல்தான். கம்பும் கேழ்வரகும் தின்றவர்களைத்தான் அந்தப் புழு பிடித்தது.

இதை எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டபோது பெரியப்பா வேலையை விட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குவார். புஸ்தகத்தில் படித்த அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டேன். "பெரியப்பா, மில்லுக்குப் போன காலத்துல, லீவு முடிஞ்சு திங்கக்கிழமை போனா நெஞ்சு எப்பிடி இருக்கும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெரிந்ததைக் கேட்கிறானே என்கிற பார்வை.

"திங்கக்கிழமைன்னா எல்லாருக்கும் அடைக்கத்தாண்டா செய்யும். செவ்வாக்கிழமை சரியாப் போயிரும்."